நிற்கப்போகிற காலம்

கழுத்தை அறுத்து நீல டிரம்முக்குள் போட்டதும் கோழி அடித்துக்கொள்ளும் சத்தம் இருக்கிறதே, அது இருபத்திரண்டு வருஷமாக என் காதில் விழுந்ததே இல்லை, இந்த மூன்று மாதமாகத்தான் விழுகிறது. டம் டம் டம் என்று உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவது மாதிரி. இப்போதும் தட்டுகிறது. மணி ஏழு ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை. நத்தம் ரோட்டில் எங்கள் பிராய்லர் கடைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், எல்லோர் கையிலும் பை, எல்லோர் கண்ணும் என் கையில். இவர், என் வீட்டுக்காரர், கூண்டுக்குள் கைவிட்டுப் பிடித்து, எடை பார்த்து, இறக்கையை முறுக்கி என்னிடம் நீட்டுகிறார். நான் அறுக்கிறேன், உரிக்கிறேன், வெட்டுகிறேன். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் கடை போட்ட நாளிலிருந்து இப்படித்தான், பிடிப்பது அவர், வெட்டுவது நான். பொண்டாட்டி கையில் கத்தியைக் கொடுத்துவிட்டுச் சௌந்தரபாண்டி கோழி பிடிக்கிறான் என்று தெருவே சிரித்தது. அவருக்கு ரத்தம் பார்த்தால் தலை சுற்றும், அதனால் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டார். இன்றைக்கு அவர் முதுகை எனக்குக் காட்டவே இல்லை. கடை திறந்ததிலிருந்து கவனித்துக்கொண்டிருக்கிறேன். கூண்டில் குனிந்தால்கூடப் பக்கவாட்டில் குனிகிறார், நண்டு மாதிரி, ஒரு கண்ணை என் மேல் வைத்துக்கொண்டு. இடது முன்கையில் வெள்ளைத்துணிக் கட்டு. என்னாச்சு என்று ஒருவர் கேட்டதற்குச் சேவல் கொத்திவிட்டது என்றார். பிராய்லர் கடையில் ஏது சேவல். கேட்டவரும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டார்.

இதோ வருகிறது. எப்போதும் இப்படித்தான், முதலில் ஒரு பயம் வரும், காரணமில்லாத பயம், இருட்டில் இல்லாத படியில் கால் வைத்த மாதிரி வயிறு ஒரு தடவை கீழே விழும், அதற்குப் பின்னால்தான் சூடு. நெஞ்சுக்குழியில் பற்றிக்கொண்டு கழுத்துக்கு ஏறி, காதுக்குப் பின்னால் போய், உச்சந்தலையில் முட்டி, வெளியே போக வழியில்லாமல் திரும்பி முதுகில் இறங்குகிறது. தண்ணீர் கொதிக்கிற அண்டா என் வலது பக்கம் இருக்கிறது, அதன் ஆவி எனக்குக் குளிர்ந்த காற்றாகத் தெரிகிறது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் விழுகிறது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் ரத்தம். எதிரே ஒரு சின்ன வயசுப் பொண்ணு, கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும், சின்னச் சின்னதாகப் போடுங்கக்கா, கழுத்து வேண்டாம், ஈரல் வேண்டாம், தோல் ஒட்டியிருக்கக் கூடாது, போன வாரம் ஒட்டியிருந்துச்சு, எங்க அத்தை திட்டினாங்க என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வாயை மூடு என்று என் தலைக்குள் ஒரு குரல். அவள் கழுத்தில் புதுத் தாலிக்கயிற்றுக்குக் கீழே ஒரு நரம்பு துடிக்கிறது. கோழிக்கு எங்கே வைப்பேனோ அதே இடம். கத்தி என் கையில் கொஞ்சம் திரும்புகிறது, நான் திருப்பவில்லை, தானாக. வெட்டுக்கட்டையில் கிடக்கிற கோழியின் தொடையைப் பார்க்கிறேன், அதை வெட்டு, ஈஸ்வரி, அதை மட்டும் வெட்டு, எலும்பை எண்ணு, ஒன்று இரண்டு மூன்று. பதினொன்று வரைக்கும் எண்ணியபோது அந்தப் பொண்ணு பையை வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தாள். கறியை யார் பையில் போட்டுக் கொடுத்தது, நானா, இவரா, தெரியவில்லை. ரவிக்கை முதுகில் ஒட்டிக்கிடக்கிறது. இப்போது குளிர்கிறது. சூடு போனதும் உடனே ஒரு குளிர், பல் கிட்டிக்கும் குளிர். கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கோழியை வாங்குகிறேன்.

வியாழக்கிழமை நடந்ததை நான் நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன், அது தானாக வந்து நிற்கிறது. மூன்று மாதமாக ராத்திரி என்பது எனக்குத் தூக்கம் இல்லை, துணி மாற்றுவது. பத்து மணிக்குப் போட்ட நைட்டி பன்னிரண்டு மணிக்குப் பிழிந்தால் சொட்டும், இரண்டாவதைப் போட்டால் அது மூன்று மணிக்கு. தலையணைக்கு அடியில் ஒரு துண்டு, முதுகுக்குக் கீழே ஒரு துண்டு. பாய் நனைந்து கோரை வாடை வரும். ஃபேனை முழுசாக வைத்தால் இவர் கம்பளியைத் தேடுவார், குறைத்தால் நான் எழுந்து சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். அன்றைக்கு விடிகிற நேரம், கொஞ்சம் கண் அயர்ந்திருந்தேன், இவர் தூக்கத்தில் கையைத் தூக்கி என் நெஞ்சின் மேல் போட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. இருபத்துநாலு வருஷமாகப் போடுகிற கை. அந்தக் கனமும் சூடும் மேலே விழுந்ததும் என்னை உயிரோடு புதைக்கிறார்கள் என்று நினைத்தேன். கடித்தேன். விலக்கியிருக்கலாம், கத்தியிருக்கலாம், கடித்தேன். பல் இறங்குவது தெரிந்தது, தோல் ஒரு கணம் எதிர்த்துப் பிறகு விட்டுக்கொடுத்தது தெரிந்தது, இவர் அலறியதும் தெரிந்தது, அதற்கப்புறமும் நான் விடவில்லை. எவ்வளவு நேரம். மூன்று எண்ணுகிற நேரம் இருக்கலாம். பிறகு வாயைக் கழுவினேன், அவர் கையில் மஞ்சள் வைத்துக் கட்டினேன். தன் ரத்தத்தைப் பார்க்காமல் இருக்க மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவர் கேட்கவில்லை, ராத்திரி படுக்கையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். கரூரில் கட்டிக்கொடுத்த மகள் தலைப்பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதத்தில் வருவாள். பேரப்பிள்ளையை இந்தக் கையில் கொடுப்பார்கள். ராத்திரி அழும், எல்லாப் பிள்ளையும் அழும், அவள் அசந்து தூங்குவாள், நான்தான் தூக்க வேண்டியிருக்கும். தூக்கித் தோளில் போட்டதும் அந்தச் சின்ன உடம்பின் சூடு என் மேல் ஏறும். இதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை, நினைப்பு அந்த இடத்தில் போய் நின்று திரும்புகிறது, மறுபடி போகிறது, மறுபடி திரும்புகிறது.

பத்து மணிக்கு மதினி வரப்போகிறார். இவருடைய அக்கா, பொன்னழகு மதினி, ஐம்பத்தெட்டு வயது, நான்கு மைல் தள்ளிக் குடியிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் மாடியில் நின்று போன் பேசியதை நான் படியில் நின்று கேட்டேன். ஆமாக்கா, ராத்திரியெல்லாம் எந்திரிச்சு நிக்கிறா, செவத்தோட பேசுறா, என்னையக் கடிச்சிட்டாக்கா என்றார். சுவரோடு நான் பேசவில்லை. சுவரில் கன்னம் வைத்துக்கொண்டு அப்பா என்றிருப்பேன், தாங்க முடியவில்லை என்றிருப்பேன். பிறகு அவர் ஞாயிறு பத்து மணி, ஆட்டோவில், சரி, சரி, எலுமிச்சம்பழம் நீயே வாங்கிட்டு வந்துரு என்றார். வடக்கே ஏதோ ஊரில் ஓர் ஆள் இருக்கிறான். பெண்களைப் பிடித்த பேயை ஓட்டுகிறவன். எங்கள் தெருவில் பூக்கட்டுகிறவளின் மருமகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வந்தபோது அவளுக்குப் பின்மண்டையில் உள்ளங்கையளவு முடி இல்லை. ஆணியில் சுற்றிப் பிடுங்குவார்களாம். பிரம்பும் உண்டாம். நேற்றிலிருந்து அந்தப் பிரம்பு என் முதுகில் விழுந்துகொண்டேயிருக்கிறது, நான் திரும்பி அதைப் பிடுங்கி அந்த ஆளை அடிக்கிறேன், முகத்தில், வாயில், அவன் விழுந்த பிறகும் அடிக்கிறேன், அப்புறம் பார்த்தால் கீழே கிடப்பது அவன் இல்லை, இவர். ஒரு கிலோ, தோலோட, என்கிறார் யாரோ. தருகிறேன். மணி எட்டே கால். கடிகாரத்துக்கு நேராக நின்று வெட்டுகிறேன், ஒவ்வொரு வெட்டும் ஒரு நிமிஷம்.

அம்மாவும் இப்படித்தான் எழுந்து போனாள். எனக்கு அப்போது பதினைந்து வயது, அம்மாவுக்கு நாற்பத்தாறோ ஏழோ, இப்போது எனக்கு இருக்கிற வயசு. ஒரு மாதமாகப் பார்த்தேன், நடுராத்திரியில் சத்தம் போடாமல் தாழ்ப்பாளை எடுப்பாள், கொல்லைப்பக்கம் போவாள், அரைமணி கழித்து வருவாள், சேலை ஈரமாக இருக்கும். நான் தூங்குவதுபோல் கிடப்பேன். எனக்குள் ஒரு அருவருப்பு வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் கதைகள் எல்லாம் அம்மாவின் ஈரச்சேலையில் வந்து ஒட்டிக்கொண்டன. பக்கத்துவீட்டு லாரி டிரைவர் ராத்திரியில்தான் வருவார். அம்மா அப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் என்மேல் எரிந்து விழுவாள், ஒருநாள் பருப்பு அடிப்பிடித்ததற்குக் கரண்டிக் காம்பால் அடித்து என் மணிக்கட்டு வீங்கிப்போனது. அந்தக் கோபத்தில்தான் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இவரிடமும் இல்லை. நான்தான் அப்பாவிடம் சொன்னேன், அம்மா ராத்திரி வெளியே போறா என்று. அப்பா அன்றைக்கு விழித்திருந்தார். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஈரச் சிமெண்டுத் தரையில், நெஞ்சில் சேலை இல்லாமல் மல்லாந்து கிடந்தாள் அம்மா. தனியாக. அவளைச் சுற்றித் தண்ணீர். அப்பா எதிர்பார்த்த ஆள் அங்கே இல்லாததுதான் அவருக்கு இன்னும் வெறியைக் கிளப்பியிருக்க வேண்டும். துவைக்கிற கல்லில் வைத்து முகத்தை மோதினார். முன்பல் இரண்டு போனது. போயிட்டானா, போயிட்டானா என்று கேட்டுக்கொண்டே மோதினார். அம்மா ஒரு தடவைகூட எனக்கு வேர்க்குது என்று சொல்லவில்லை. சொன்னால் யாருக்குப் புரியும் என்று நினைத்தாளா, அவளுக்கே தெரியாதா. அதற்குப் பின் செத்துப்போகிற வரைக்கும் சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். மூன்று மாதத்துக்கு முன்னால், முதல் தடவை நைட்டியைப் பிழிந்த ராத்திரி, என் கால் தானாகக் குளியலறைக்குப் போய் ஈரத் தரையில் முதுகை வைத்தது. வைத்ததும் எலும்பு வரைக்கும் ஒரு சுகம். அந்தச் சுகத்தில் கண்ணை மூடினேன், அந்த நொடியில் தெரிந்தது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து. குளிரத்தான் போயிருக்கிறாள். நான் என் வாயில் துண்டை அடைத்துக்கொண்டேன்.

இது என்ன என்று எனக்குத் தெரியும், அதுதான் வெட்கக்கேடு. தெரியாமல் இல்லை. மாதவிலக்கு இருபது நாளுக்கு ஒன்று, ஐம்பது நாளுக்கு ஒன்று என்று தாறுமாறாகி, வந்தால் பத்து நாள் கொட்டுகிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா, என் மகள் வயசுதான், எழுதிக்கொண்டே சொன்னார்கள். நாற்பத்தேழு ஆச்சுல்லம்மா, நிக்கப்போற காலம், நிக்கிறதுக்கு முன்னால இப்படித்தான் ஆட்டம் காட்டும், ராத்திரி வேர்க்கும், தூக்கம் கெடும், கோபம் வரும், அழுகை வரும், படபடக்கும், சில பேருக்கு வருஷக்கணக்கில இருக்கும், பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு பயந்துறாதீங்க. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எழுதி, எடுத்துக்கொண்டு திங்கட்கிழமையில் வாருங்கள், தாங்க முடியாவிட்டால் மருந்து இருக்கிறது என்றார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவர், என்ன சொன்னாங்க என்று கேட்டார். ரத்தம் கம்மியாம் என்றேன். பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார். இவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு விலக்கு என்பதையே நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை, மூன்று நாள் நான் தனியாகப் படுப்பேன், அவர் தெரிந்துகொள்வார், வார்த்தை கிடையாது. இல்லாத வார்த்தையை எப்படிச் சொல்வது. நிற்கப்போகிறது என்று சொன்னால் நானே நிற்கப்போகிறேன் என்று இருந்தது. அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது. அவளாவது தெரியாமல் பேசாமல் இருந்தாள்.

ஒன்பதரைக்குக் கூட்டம் நெருக்குகிறது, அப்போதுதான் உடைந்தது. முன்னறிவிப்பு இல்லை, வலி இல்லை, ஒரு குடம் சாய்ந்த மாதிரி. வைத்திருந்த துணி ஒரு நிமிஷம் தாங்கியது, பிறகு தொடையில் சூடாக இறங்கிக் கணுக்காலுக்கு வந்து செருப்புக்குள் தேங்கியது. பதினைந்து பேர் எதிரே நிற்கிறார்கள். என் மேல் ரப்பர் ஏப்ரன், அதில் ரத்தம், சேலைக் கரையில் ரத்தம், தரையில் ரத்தம், காலில் ரத்தம். எது கோழி, எது நான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. தெருவில் பட்டப்பகலில் இவ்வளவு பேர் முன்னால் நின்று நான் கொட்டிக்கொண்டிருக்கிறேன், அவர்கள் கால் கிலோ ஈரல் சேர்த்துப் போடுங்க என்கிறார்கள். சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு சூடு வந்தது, இந்தத் தடவை வயிறு விழவில்லை, நேராகச் சூடு, கண்ணுக்குள் சிவப்பாக. நான் வேகமாக வெட்டினேன். கட்டையில் வைத்தது கோழியா என்று பார்க்காமல் வெட்டினேன், துண்டுகள் சின்னதாகி, கூழாகி, எலும்புத்தூள் முகத்தில் தெறித்தது. நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு முகம் வைத்தேன். துவைக்கிற கல்லில் அப்பாவின் முகம். ஆணியோடு வருகிற ஆள். போயிட்டானா, போயிட்டானா. இவர் பக்கத்தில் வந்து மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி, ஈஸ்வரி, செத்த நேரம் உக்காரேன் என்றார். சிதறியதை ஒதுக்கக் கட்டையின் மேல் கையை வைத்தார். திட்டியிருந்தால் நின்றிருப்பேன். அந்த மெதுவான குரல், நோயாளியிடம் பேசுகிற குரல், அதுதான். நான் பார்த்தேன். கை அங்கே இருக்கிறது என்று பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் இறக்கினேன். கத்தி அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கட்டையில் இறங்கி நின்று அதிர்ந்தது. தோல்கூடக் கீறவில்லை. அவர் கையை எடுக்கவில்லை, எடுக்க மறந்துவிட்டார். அவர் கண்ணைப் பார்த்தேன். இறக்கையை முறுக்கி என் கையில் கொடுத்ததும் கோழி ஒரு பார்வை பார்க்கும், அந்தப் பார்வை. அது எனக்கு இனித்தது. பொய் சொல்ல முடியாது, நாக்கில் சர்க்கரை போட்ட மாதிரி நிஜமாகவே இனித்தது. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஆட்டோ வந்து நின்றது.

மதினி இறங்கினார். மஞ்சள் பை, அதில் எலுமிச்சம்பழம், வேப்பிலை, துணியில் பொதிந்த என்னவோ. ஒரே பார்வையில் கத்தியையும் தம்பியின் கையையும் பார்த்தார், ஆட்டோக்காரரை அணைக்காதப்பா என்றார், நேரே மேலே ஏறி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பலமான பிடி. வா போவோம், ஒண்ணும் ஆகாது, சாயங்காலம் வந்துரலாம் என்றார். இன்னொரு கையால் நான் கத்தியைக் கட்டையிலிருந்து பிடுங்கினேன். கூட்டம் ஓரடி பின்னால் போனது. இவர் அக்கா என்றார். மதினியின் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, மூக்குத்தி, நெற்றியில் திருநீறு, பயமில்லாத கண். குத்தலாம். அடிவயிற்றில், ஏப்ரன் இல்லாத வயிற்றில், எவ்வளவு சுலபமாக இறங்கும் என்று எனக்குத் தெரியும், வேறு யாரையும்விட எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்திருந்ததுதான் என் வாயைத் திறந்தது என்று நினைக்கிறேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

“மதினி, எனக்குப் பேயும் பிடிக்கல பிசாசும் பிடிக்கல. எனக்குத் தீட்டு நிக்கப்போகுது. அதான் ராத்திரி வேர்க்குது, அதான் கோவம் வருது. ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. இப்பக்கூட எனக்குப் போய்க்கிட்டிருக்கு, கால்ல ஓடுறது கோழி ரத்தம் இல்ல.”

பதினைந்து பேருக்கும் கேட்டது. ஓர் ஆள் போனை எடுத்துப் பார்த்தான், அதில் ஒன்றும் இல்லை. இவர் என் காலைப் பார்த்தார், பார்த்தவர் தலை சுற்றிக் கூண்டைப் பிடித்துக்கொண்டார், ஆனால் பார்வையை எடுக்கவில்லை. மதினி என்னை இழுத்துக்கொண்டு பின்னால் போனார், தீவன மூட்டையும் இறகுச் சாக்கும் கிடக்கிற இருட்டறை. கதவைச் சாத்தினார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன், தோளைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, தன் வலது உள்ளங்கையை என் முன்னால் விரித்தார். நடுவில் காசளவில் மூன்று தழும்புகள், பளபளப்பாக, ரேகையே இல்லாமல். இந்தக் கையால் எத்தனை தடவை சோறு போட்டிருக்கிறார், நான் பார்த்ததில்லை.

“கற்பூரம். பத்து வருஷமாச்சு. எனக்கும் இதேதான் ஈஸ்வரி, இதே வேர்வை, இதே ஆங்காரம். மாமியார் மேல கொதிக்கக் கொதிக்கக் கஞ்சிய ஊத்தப் போயிட்டேன். மூணு அமாவாசை அந்த ஆளுகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அடி தாங்க முடியல. ஆனா பாரு, ஒரு வருஷத்துல எல்லாம் நின்னுபோச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு பாண்டிகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். எனக்குச் சரியாச்சு. உனக்கும் ஆகும்.”

அவர் என்னைப் பிடித்துக்கொண்டு போக வரவில்லை. காப்பாற்ற வந்திருக்கிறார். இவரும் அப்படித்தான், அக்காவுக்கு நின்றதைக் கண்ணால் பார்த்தவர். அந்த நிமிஷத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். காலையிலிருந்து கத்தியை வைத்துக்கொண்டு நான் செய்யாததையெல்லாம் இப்போது செய்தேன், அதுவும் அன்பாக, அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

“அடிக்காட்டியும் நின்னிருக்கும் மதினி. எல்லாருக்கும் தானா நிக்கும்.”

மதினி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சொன்னது உள்ளே போவதை நான் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக, தோல் எதிர்த்து எதிர்த்துப் பிறகு விடுவது மாதிரி. தன் உள்ளங்கையை மடியில் வைத்து யாருடையதோ போலப் பார்த்தார்.

“அப்ப எதுக்கு அடிச்சாங்க?”

என்னைக் கேட்கவில்லை. மறுபடியும் அதையே கேட்டார், இன்னும் மெதுவாக. எழுந்தார், கதவைத் திறந்துகொண்டு கடைக்குள் போனார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். இவர் கையில் ஒரு கோழி இருந்தது, யாருக்கோ எடை போடப் போயிருந்தார், அல்லது என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்திருந்தார். மதினி அவர் முன்னால் போய் நின்று, பாண்டி, அன்னைக்கு என் ரெண்டு காலையும் பிடிச்சிருந்தது நீதானே என்றார். இவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். நீ கத்துறப்ப நான் கண்ண மூடிக்கிட்டேன்க்கா, நல்லதுன்னு நினைச்சேன் என்றார். மதினி அறைந்தார். எலுமிச்சம்பழம் வாங்கிவந்த அதே கையால் ஒன்று, இரண்டு, மூன்று, கணக்கில்லாமல், கன்னத்தில், காதில், கழுத்தில், நெஞ்சில். இவர் தடுக்கவில்லை. கையிலிருந்த கோழி நழுவிக் கீழே விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. முன்கைக் கட்டுத்துணியில் சிவப்பு ஊறியது, அதை அவர் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கிப் போனார்கள். நான் விலக்கவில்லை. விடியற்காலையிலிருந்து அவரை வெட்டிக்கொண்டிருந்தவள் நான், இப்போது ஒவ்வொரு அறையும் என் மேல் விழுவது மாதிரி இருந்தது, இருந்தும் விலக்கவில்லை. அவர் வாங்கட்டும். மதினிக்கு மூச்சு வாங்கும் வரைக்கும் நடந்தது அது.

பிறகு மதினி ஆட்டோவைப் போகச் சொன்னார். நான் குழாயடியில் உட்கார்ந்தேன், இவர் வாளியில் தண்ணீர் பிடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினார். ஞாயிற்றுக்கிழமையில் பதினோரு மணிக்கு நாங்கள் கடை அடைத்தது அதுதான் முதல் தடவை. காது சிவந்துபோய் ஒரு மூலையில் நின்றார். நான் காலைக் கழுவினேன். ஆஸ்பத்திரியில் சொன்னதை, எனக்குத் தெரிந்தவரைக்கும், அவருக்கும் சேர்த்துச் சொன்னேன், சொல்லும்போதே அடுத்த சூடு ஏறியது, சொல்லி முடிக்கிறவரை பொறுத்துக்கொண்டேன். இவர் நாளைக்கே போவோம் என்றார். மதினி கூண்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்.

“அந்த டாக்டரம்மா நாளைக்கு இருப்பாங்களா?”

திங்கட்கிழமை இருப்பார்கள் என்றேன்.

“நானும் வரேன்.”

உங்களுக்கு நின்று பத்து வருஷம் ஆயிற்றே மதினி என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

“தெரியும். தானாத்தான் நின்னுச்சுன்னு அவங்க வாயால ஒரு தடவை கேக்கணும்.”